அம்பாசடர், பத்மினிக்கு முன் டிஸ்க் பிரேக்: ஹோஸ் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பழைய அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட்டத்தில் வைத்திருப்பவர்களில் பலர், முன் டிரம்மைக் கழற்றிவிட்டு வேறு காரின் டிஸ்க்கும், அதை இரு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் கேலிபரும் போட்டுக்கொள்கிறார்கள். டிஸ்க்குக்கும் கேலிபருக்கும் நாள் கணக்கில் அலைபவர்கள், ஹோஸை மட்டும் கடைசி அரை மணி நேர வேலையாக நினைத்துவிடுகிறார்கள். அதனால் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஷாசி பைப்பிலிருந்து கேலிபருக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் முன் இரண்டு சக்கரங்களின் ரப்பர் ஹோஸ், அதன் இரு முனைகள், அதைத் தொட்டடுத்த பைப் ஆகியவை பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

ஹோஸை எப்போது வாங்க வேண்டும்?

கேலிபர் தன் இடத்தில் போல்ட் போட்டு நின்ற பிறகு. டிஸ்க், கேலிபர், சக்கரம், ஓடப்போகும் அதே டயர் எல்லாம் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஃபுல் கட் அடித்துப் பார்த்த பிறகுதான் எத்தனை நீளம், எந்த முனை, எந்தக் கோணம் என்பது தெரியும். கேலிபரோடு சேர்த்தே ஹோஸையும் வாங்கினால், அந்த ஹோஸ் கேலிபர் வந்த காரின் சஸ்பென்ஷனுக்கு அளந்தது. உங்கள் காருக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பழைய டிரம் ஹோஸையே கேலிபரில் மாட்டிக்கொள்ளலாமா?

கூடாது. டிரம்மில் வீல் சிலிண்டர் இருந்த இடம் வேறு, கேலிபரில் ஆயில் நுழையும் துவாரம் இருக்கும் இடம் வேறு. நீளமும் கோணமும் ஒத்துவராது. முனையும் பெரும்பாலும் சேராது: பழைய ஹோஸ் நேராக மரை ஏற்றுவது, புதிய கேலிபர் பேஞ்சோ போல்ட் கேட்பது (ஹோஸ் முனையிலுள்ள பேஞ்சோ என்ற வளையத்தின் வழியே போகும், நடுவில் ஆயில் துளையுள்ள போல்ட்).

இன்னொரு காரணம் அழுத்தம். டிரம்மில் ஷூ சுழற்சியோடு தானாகவே இழுபட்டு இறுகும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதே வேகத்தில் நிற்க லைனில் கூடுதல் அழுத்தம் வேண்டும். அழுத்திப் பிடிக்கும்போது சுமார் 70 முதல் 100 பார் வரை போகும். இருபது வருடம் பழகிய ரப்பர் அதற்கு உப்பும், அல்லது உட்பக்கத் தோல் பிய்ந்து தொங்கும். பிய்ந்த தோல் ஒருவழி வால்வு போல வேலை செய்யும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் ஜாம் ஆகிச் சூடேறும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும்.

அறுவடை மெஷினுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கட்டித் தரும் கடையில் செய்து வாங்கலாமா? விலையும் குறைவு, அன்றைக்கே கிடைக்கிறது.

டெல்டாவில் இந்தக் கேள்வி வராத நாளில்லை. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் ஜேசிபியும் ஓடும் ஊர்களில் ஹோஸ் கிரிம்ப் செய்யும் (முனை வளையத்தை நெரித்துப் பூட்டும்) கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர்கள் வேலையில் குறை ஒன்றுமில்லை, அந்த ஹோஸ் பிரேக்கைவிடக் கூடுதல் அழுத்தத்தையும் தாங்கும். ஆனாலும் பிரேக்குக்கு அது ஆகாது.

காரணம் உள் ரப்பர். ஹைட்ராலிக் ஹோஸின் உள்சுவர் பெரும்பாலும் நைட்ரைல், மினரல் ஆயிலுக்காகச் செய்தது. பிரேக் ஆயில் மினரல் ஆயிலே அல்ல, டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. அதில் நைட்ரைல் ஊறினால் உப்பி, மெத்தென்றாகிக் கரையத் தொடங்கும். கரைந்த கறுப்புத் துகள், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வரை போய் அடைக்கும். பிரேக் ஹோஸின் உள்சுவர் இபிடிஎம் ரப்பர். அது கிளைகாலைத் தாங்கும், ஆனால் டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் பட்டால் உப்பும். இரண்டும் நேர் எதிர்.

வாங்கும் ஹோஸின் மேல் எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ்ஏஇ ஜே1401, எஃப்எம்விஎஸ்எஸ் 106, அல்லது இந்தியத் தரமான ஐஎஸ் 7079, இவற்றில் ஒன்று அச்சிட்டிருக்க வேண்டும். உள்விட்டம் 1/8 அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. எஃப்எம்விஎஸ்எஸ் தரத்தில் இந்த அளவு ஹோஸ் 7,000 பிஎஸ்ஐ வரை வெடிக்காமல் தாங்க வேண்டும். எச்ஆர் என்றிருந்தால் சாதாரண விரிவு, எச்எல் என்றிருந்தால் குறைந்த விரிவு. டிஸ்க்குக்கு எச்எல் நல்லது. தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். கடை அலமாரியில் ஐந்தாறு வருடம் கிடந்த சரக்கை எடுக்காதீர்கள்.

நீளத்தை எப்படி அளப்பது?

ஹோஸ் அளவுக்கே தடித்த, சுமார் 10 மி.மீ. வெளிவிட்டமுள்ள பழைய ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒயரோ சணலோ வேண்டாம். அவை எந்த வளைவுக்கும் மடங்கிக் கொடுத்து ஏமாற்றிவிடும்.

ஷாசி பக்க பிராக்கெட்டில் ஒரு முனை, கேலிபர் துவாரத்தில் மறு முனை. இப்போது சக்கரத்தை மூன்று உயரங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஷாசியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலை, சாதாரணமாக நிற்கும் நிலை, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி அதைத் தடுக்கும் பம்ப் ரப்பரைத் தொடும் நிலை. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் நேராக, இடது ஃபுல் கட், வலது ஃபுல் கட். ஒரு பக்கத்துக்கு ஒன்பது நிலைகள், இரு பக்கமும் பதினெட்டு. அரை நாள் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாமல் விட்டால், வேகத்தடையில் ஏறி இறங்கித் திரும்பும் ஒரு கணத்தில் ஹோஸ் விறைத்து நிற்கும்.

பம்ப் நிலைதான் சிரமம். கீழ் ஆர்மில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், ஸ்பிரிங் முழுக்க அமுங்குவதற்குள் வண்டியே எழும்பிவிடும். ஸ்பிரிங் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். பத்மினியின் முன் காயில் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் காயப்படுத்தும். வண்டியில் நான்கைந்து பேரை உட்கார வைத்து, பம்ப் ரப்பருக்கும் ஆர்முக்கும் மீதி எத்தனை மி.மீ. என்று அளந்து, அத்தனை தூரம் சக்கரம் இன்னும் மேலே வரும் என்று கணக்கு வைத்தால் போதும்.

பார்க்க வேண்டியவை: அதிகம் நீளும் நிலையிலும் ஹோஸில் தளர்வு மிச்சம் இருக்க வேண்டும், 20 முதல் 25 மி.மீ. வரை. அதிகம் சுருங்கும் நிலையில் மடிப்பு விழக்கூடாது, வளைவின் ஆரம் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டயர், ரிம், ஆர்ம், ஸ்டீயரிங் ராடு எதிலிருந்தும் எந்த நிலையிலும் 25 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று நீளமாக வாங்குவது பாதுகாப்பு அல்ல. மிச்சமுள்ள நீளம் டயரில்தான் போய் உரசும்.

மரை ஏறுகிறது, டைட்டும் ஆகிறது. பிறகென்ன சந்தேகம்?

சந்தேகப்பட வேண்டிய இடமே இதுதான். அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி. அதன் பழைய பிரேக் பைப் நட்டுகளில் 3/8 அங்குல யூஎன்எஃப் மரை வரும், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய கேலிபர்களும் ஹோஸ்களும் எம்10, பிட்ச் 1.0 மி.மீ. அங்குலத்துக்கு 24 என்றால் பிட்ச் 1.06 மி.மீ. ஆக, மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்று. விட்டம்தான் வேறு: ஒன்று 9.5 மி.மீ., இன்னொன்று 10.

3/8 நட்டை எம்10 துவாரத்தில் விட்டால் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். ஸ்பேனர் போட்டால் இறுகும், முதல் நாள் ஒழுகவும் செய்யாது. ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அவசரமாக அழுத்திப் பிடிக்கும்போது மரை உரிந்து நட்டு வெளியே வரும். எம்10 நட்டை 3/8 துவாரத்தில் விட்டால் ஆரம்பத்திலேயே மறுக்கும், அதனால் அதில் ஆபத்து குறைவு.

பிட்ச் கேஜ் மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். வெர்னியரில் வெளிவிட்டத்தை அளங்கள். 9.4, 9.5 என்று வந்தால் அங்குல மரை, 9.8க்கு மேல் வந்தால் மெட்ரிக். பத்மினி ஃபியட் வழி என்பதால் மெட்ரிக், ஆனால் எம்10இலேயே 1.0, 1.25 என்று இரண்டு பிட்ச் புழக்கத்தில் உண்டு. அங்கே பிட்ச் கேஜ் உதவும். கேலிபரின் பேஞ்சோ துவாரத்துக்கும் இதே இரண்டு பிட்ச்களையும் பாருங்கள்.

அடாப்டர் போட்டுச் சமாளிப்பதைவிட, ஷாசி பக்கத்து ஸ்டீல் பைப்பையே புதிதாக எடுத்து, ஹோஸ் முனையில் எம்10×1 நட்டு போடுவது சுத்தமான வேலை. அந்தப் பைப் எப்படியும் துருப்பிடித்திருக்கும். 4.75 மி.மீ. வெளிவிட்டம், அதாவது 3/16 அங்குலப் பைப். கடலோர ஊர்களுக்குக் காப்பர்-நிக்கல் பைப் சிறந்தது. சும்மா செம்புக் குழாயை வளைத்துப் போடாதீர்கள், அதிர்வில் இறுகி வெடிப்பு விடும்.

பைப் முனையின் ஃப்ளேர் (விரித்த வாய்) எப்படி இருக்க வேண்டும்?

ஹோஸின் பெண் முனைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கூம்பு துருத்திக்கொண்டிருந்தால் பைப்பில் டபுள் ஃப்ளேர் (வாயை விரித்து உள்ளே மடித்தது) வேண்டும். உள்வாங்கிக் குழிந்திருந்தால் பபிள் ஃப்ளேர் (குமிழ் போல உப்பியது). மாறிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இறுக்க இறுக்க சீட் கெடும். ஃப்ளேர் உட்காரும் இடத்தில் காப்பர் வாஷர் போடவே கூடாது.

ஒரு ஜோடிக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஹோஸ் இரண்டு. பேஞ்சோ போல்ட் இரண்டு, புதிது. காப்பர் வாஷர், பேஞ்சோவின் இரு பக்கமும் ஒன்று வீதம் நான்கு, கையிருப்புக்கு இன்னொரு நான்கு. பிராக்கெட்டில் ஹோஸைப் பிடிக்கும் யூ கிளிப் இரண்டு. டாட் 4 ஆயில் ஒரு லிட்டர், சீல் உடையாத டப்பா. ஏர் எடுக்க, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, கேலிபரின் நிப்பிளில் (காற்று வெளியேறும் சிறு முனை) இறுக்கமாக ஏறும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர். ஸ்பேனரில் கஞ்சத்தனம் வேண்டாம்: பைப் நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான். ஓபன் ஸ்பேனர் பழைய நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

பொருத்தும் வரிசை என்ன?

பழையதைக் கழற்றும்போது முதலில் ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு பைப் நட்டைத் தளர்த்துங்கள். பிடிக்காமல் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்கி உடையும். பிறகு பிராக்கெட் நட்டு, கடைசியில் சக்கரப் பக்கம்.

புதியதில், கேலிபர் முனை நேரடி மரையாக இருந்தால் அதைத்தான் முதலில் முழுக்க இறுக்க வேண்டும். அப்போது மறு முனை சும்மா சுற்றிக்கொள்ளும். பிராக்கெட்டை முதலில் பூட்டிவிட்டுக் கேலிபரில் ஏற்றினால், எத்தனை சுற்று ஏற்றினீர்களோ அத்தனை முறுக்கு ஹோஸில் விழும்.

பேஞ்சோவாக இருந்தால் வாஷர், பேஞ்சோ, வாஷர் என்று கோத்துக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஷாசி முனையைப் பிராக்கெட்டின் அறுகோணத் துவாரத்தில் விட்டு கிளிப்பை அரைகுறையாக மாட்டுங்கள். சக்கரம் நேராக, வண்டி நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். ஹோஸ் எந்தப் பக்கமும் வலிந்து நிற்காமல் தன்போக்கில் வளையும்படி பேஞ்சோவைத் திருப்பி வையுங்கள். கேலிபரில் பேஞ்சோவை நிறுத்தும் கட்டை இருந்தால் அதை ஒட்டி. பேஞ்சோ போல்ட்டைக் கேலிபர் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவுக்கு) இறுக்குங்கள். எம்10 ஸ்டீல் போல்ட்டுக்கு அது பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அதற்கு மேல் பலம் காட்டினால், நடுவில் துளையுள்ள போல்ட் குறுக்குத் துளையில் அறுந்துவிடும். பிறகு கிளிப்பை முழுக்கத் தட்டி ஏற்றி, கடைசியாகப் பைப் நட்டு.

நல்ல ஹோஸின் நீளவாக்கில் கோடு ஓடும். அது முறுக்கைக் காட்டுவதற்காகவே போட்டது. கோடு சுருளாகச் சுற்றிக்கொண்டு போனால் மறுபடி தளர்த்தி நேராக்குங்கள். கோடு இல்லாவிட்டால் மாட்டுவதற்கு முன் பெயின்ட் பேனாவால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது கேலிபரை ஹோஸிலேயே தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டு ஸ்பிரிங்கிலோ ஆர்மிலோ கட்டுங்கள்.

பிராக்கெட்டை இடம் மாற்ற வேண்டியிருந்தால்?

3 மி.மீ. தகட்டில் செய்து, துவாரத்தை அறுகோணமாக ராவ வேண்டும். வட்டத் துவாரம் ஹோஸைச் சுழலவிடும். வெல்டிங் வைப்பதற்கு முன் ஹோஸையும் பைப்பையும் கழற்றிவிடுங்கள். கேபிள் டையால் ஹோஸை ஆர்மில் கட்டுவது பிராக்கெட்டுக்கு மாற்று ஆகாது.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் நல்லதா?

பெடல் விறைப்பாக இருக்கும், உப்பாது. ஆனால் நம் பகுதிக்கு மேலுறை இல்லாத பின்னல் வேண்டாம். வண்டல் சேறு கம்பிகளுக்கிடையே புகுந்து காய்ந்தால் உப்புத்தாள் போல உள் குழாயைத் தேய்க்கும். பின்னலே பக்கத்திலுள்ள பைப்பையும் ஆர்மையும் அறுக்கும். பிளாஸ்டிக் மேலுறையுள்ள, தரமுத்திரை உள்ளது கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் நல்ல எச்எல் ரப்பர் ஹோஸே தாராளம்.

எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்று இருக்கிறது. ஹோஸ் உப்புகிறதா?

புது ஹோஸில் அது அபூர்வம். முதலில் கேலிபரின் நிப்பிளைப் பாருங்கள். நிப்பிள் மேல் நோக்கி இருக்க வேண்டும். இடது கேலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வரும், உள்ளே மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியேறாது. மாற்று வேலையில் அடிக்கடி நடப்பது இதுதான்.

அது சரியாக இருந்தால், ஏர் எடுக்கும் வரிசை: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில். நம் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மாஸ்டர் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போகவிடாதீர்கள்.

பெடல் மெத்தென்று இல்லாமல், பாதிக்கு மேல் இறங்கிய பின் பிடிக்கிறது என்றால் அது ஹோஸின் குற்றம் அல்ல. கேலிபர் பிஸ்டன் பெரிது, கூடுதல் ஆயில் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) போதவில்லை.

பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

புது ஹோஸ் என்றால் முறுக்கோ மடிப்போ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். டிரம்முக்கான மாஸ்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ தேக்கி வைக்கும் செக் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்கில் பேடை உரசிக்கொண்டே வைத்திருக்கும். முன் லைனிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். பழைய அம்பாசடர் போல மாஸ்டர் தரைக்கடியில், கேலிபரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் பின்வாங்காமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று போட வேண்டும்.

ரோட்டில் இறக்குவதற்கு முன் என்ன சோதனை?

எல்லா இணைப்பையும் துடைத்து உலர்த்திவிட்டு, ஒருவர் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்க்கட்டும். ஈரப் புள்ளி ஒன்று இருந்தாலும் வண்டி நகரக்கூடாது. காப்பர் வாஷரில் கசிந்தால் மேலும் இறுக்காமல் வாஷரை மாற்றுங்கள், வாஷர் உட்காரும் முகத்தில் கீறலோ துருவோ இருக்கிறதா பாருங்கள். பிறகு ஆளில்லாத ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் பல முறை பிடித்துப் பார்த்து, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். 100 கி.மீ. ஓடியபின் சக்கரத்தைக் கழற்றி ஹோஸில் உரசல் தடம் இருக்கிறதா பாருங்கள். பளபளப்பாகத் தேய்ந்த ஒரு புள்ளி தெரிந்தால், அந்த இடத்தில் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.

நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை ரோட்டில் ஓடும் வண்டிக்கு மட்கார்டு உட்பக்கம் களிமண் அப்பும். அது காய்ந்தால் செங்கல்தான். ஹோஸ் அசையும்போதெல்லாம் அதில் உரசும். மழை விட்டதும் வெறும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் முதலில் போவது ரப்பர் அல்ல, இரு முனையிலும் உள்ள கிரிம்ப் வளையம். துரு பொருக்காக உரிந்தால் ஹோஸை மாற்றுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விட்டால், கழுவிய பிறகு அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. முன் சக்கரங்களின் பக்கம் கூடவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். டிரம் காலத்தில் மூடியிருந்தது, இப்போது டிஸ்க் திறந்து கிடக்கிறது. பேடில் எண்ணெய் ஏறினால் பிரேக்கே பிடிக்காது, ஹோஸ் ரப்பரும் உப்பும். அதே காரணத்தால் பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், பிரேக் கிளீனர் போதும்.

நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டி நின்றால் எலிப் பல் தடம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மேல் ரப்பர் கீறி உள்ளே நூல் தெரிந்தால் அந்த ஹோஸ் அன்றோடு முடிந்தது.

டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கு அதே தரம் வைத்த வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். திறந்து வைத்த பாதி டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

எஃப்.சி.யில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேலிபர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் வாங்கிய பில்களையும் ஹோஸின் மேலுள்ள தர எழுத்து தெரியும் போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். மாற்று வேலை செய்த வண்டியை வாங்கப்போகிறவர்களும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தப் பில்களைத்தான்.